டெக், டாட், டாஸ்

எங்கள் தொழிலில் டாக்டருக்கு 'டிக்டேட்டர்' என்று பெயர். யாரும் கிண்டலுக்கு வைத்ததில்லை. டிக்டேஷன் கொடுக்கிறவர் டிக்டேட்டர், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் அறுவை சிகிச்சையை முடித்து, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த கேஸுக்கு முன்னால் கிடைக்கிற இடைவெளியில் அவர் மளமளவென்று பேசிவிட்டுப் போவார். பின்னால் டிராலி உருளும், யாரோ சிரிப்பார்கள், சிலர் எதையோ மென்றுகொண்டே பேசுவார்கள். அந்த ஒலிப்பதிவு சென்னைக்கு வந்து சேரும். காதில் ஹெட்ஃபோன், காலடியில் ஒலியை முன்னும் பின்னும் ஓட்டுகிற பெடல் என்று உட்கார்ந்து நாங்கள் அதை எழுத்தாக்குவோம். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். இப்போதெல்லாம் முதல் வரைவை மென்பொருளே எழுதிவிடுகிறது. ஒலியைக் கேட்டு அதைத் திருத்துவதுதான் எங்கள் வேலை.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் வகுப்பும் எடுக்கிறேன். பெரும்பாலும் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், பி.ஃபார்ம் என்று படித்து முடித்த பிள்ளைகள். மருத்துவச் சொற்கள் என்றால் அகராதியை மனப்பாடம் செய்யச் சொல்வார்களோ என்ற பயத்தோடு வருவார்கள். நான் ஆரம்பத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதுவேன். கோலிசிஸ்டெக்டமி. பித்தப்பையை வெட்டி எடுப்பது. கிரேக்கத்திலிருந்து வந்த மருத்துவச் சொல் ஒன்று காதையும் கண்ணையும் என்ன பாடு படுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அடிக்கடி வருகிற சொல் என்பது இன்னொரு வசதி. ஒரு ராத்திரி ஷிஃப்டில் இது இல்லாமல் போவது அபூர்வம்.

முதலில் எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினால் பதினைந்து எழுத்து. அதில் 'சி' மட்டும் மூன்று முறை வருகிறது. முதல் 'சி' பக்கத்தில் ஒரு 'எச்'சை வைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது 'ஒய்'க்கு முன்னால் வருகிறது. மூன்றாவது 'டி'க்கு முன்னால். நம் பிள்ளைகள் முதல் தடவை வாசிக்கும்போது 'சோலிசிஸ்டெக்டமி' என்பார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது. சேர், சில்ட்ரன், சர்ச் எல்லாம் சகரமாக இருக்கும்போது இது மட்டும் ஏன் ககரம்? சரி, 'சி'யைக் ககரமாக வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தால் அடுத்த 'சி' சகரமாக மாறிவிடுகிறது. மூன்றாவது மறுபடியும் ககரம். க, ச, க. ஒரே சொல்லுக்குள் ஒரே எழுத்து இப்படிக் கட்சி மாறிக்கொண்டே போகிறது.

இதற்குக் காரணம் ரோமானியர்கள். கிரேக்க மூலத்தில் முதல் ஒலியும் இரண்டாவது ஒலியும் வேறு வேறு எழுத்து. முதலாவது மூச்சோடு வருகிற ககரம். இந்திக்காரர்கள் 'கானா' என்று சாப்பாட்டைச் சொல்லும்போது முதலில் வருமே, அந்த மாதிரி. இரண்டாவது சாதாரணக் ககரம். லத்தீனில் மூச்சுக் ககரத்துக்கு எழுத்து இல்லை. அதனால் 'சி'யோடு 'எச்'சைச் சேர்த்து ஒரு மாற்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். சாதாரணக் ககரத்துக்கு வெறும் 'சி' போதும். அவர்கள் காலத்து லத்தீனில் 'சி' எங்கே வந்தாலும் ககரம்தான், குழப்பமே இல்லை. பிற்பாடு லத்தீன் பேச்சில் இகர, எகர ஒலிக்கு முன்னால் வந்த 'சி' மட்டும் மெல்ல மெல்ல நெகிழ்ந்துபோனது. ஆங்கிலம் அதைப் பிரெஞ்சு வழியாகச் சகரமாக வாங்கிக்கொண்டது. மூச்சுக் ககரத்தின் மூச்சு போய் வெறும் ககரம் ஆனது. ஆக, கிரேக்கன் காதில் இரண்டுமே ககரமாக இருந்தவை, இன்று ஒன்று க, ஒன்று ச.

ஐரோப்பாவில் ஆளாளுக்கு ஒரு மாதிரி இதைத் தீர்த்திருக்கிறார்கள். இத்தாலிக்காரர்கள் 'எச்'சையே தூக்கிப் போட்டுவிட்டு ஒலிக்கிறபடி எழுதிவிட்டார்கள். ஸ்பானியர்களும் அப்படியே. ஜெர்மானியர்கள் நடுவில் வரும் 'சி'க்குப் பதிலாக 'இசட்' போட்டு 'ட்ஸ்' என்று உச்சரிக்கிறார்கள். இன்றைய கிரேக்கர்கள் 'கோலோகிஸ்டெக்டொமீ' என்று, இரண்டு இடத்திலும் ககர இனத்தோடு, கடைசி எழுத்தில் அழுத்தம் கொடுத்துச் சொல்கிறார்கள். முதல் ககரம் தொண்டையை உரசிக்கொண்டு வரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சொல் பழைய கிரேக்கர்களுக்குத் தெரியாது. ஹிப்போகிரட்டீஸ் காலத்தில் யாரும் பித்தப்பையை வெட்டி எடுத்ததில்லை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் கிரேக்கச் சொற்களை எடுத்துக் கோத்துச் செய்த புதுச் சொல் இது. கிரேக்கத்திலும் புதுவரவுதான்.

இனி உறுப்புகள். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோமே, பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று? மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த அந்தப் பாடம் இந்த வேலையில் அப்படியே கைகொடுக்கும் என்று நான் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. கோலே, சிஸ்ட், எக், டமி என்று நாலாகப் பிரித்துப் போட்டதும் நம்புகிறார்கள்.

'கோலே' என்றால் பித்தம். ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நாலு நீர்களின் சமநிலைதான் உடம்பு என்று கிரேக்க மருத்துவம் கணக்குப் போட்டது. கரும்பித்தம் கூடினால் ஆள் சோர்ந்து துவண்டுபோவான் என்றார்கள். 'மெலன்' கறுப்பு, 'கோலே' பித்தம், மெலன்கலி. நம் சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று. நமக்கும் பித்தம் ஏறினால் பித்து. இரண்டு ஊரிலும் கல்லீரலில் சுரக்கிற ஒரு கசப்பு நீரின் தலையில் மனநிலையைக் கட்டியிருக்கிறார்கள். காலரா என்ற பெயரும் பித்தத்தின் உறவுக்காரன்தான். ஆனால் பழைய நூல்களில் அது வாந்தி பேதிக்குப் பொதுப் பெயர். இன்றைய கிருமியோடு அதற்குச் சம்பந்தமில்லை.

கொலஸ்ட்ராலை விட்டுவிட முடியாது, ஏனென்றால் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே 'கோலே' அதுதான். பித்தக் கற்களில் கிடைத்த வெள்ளை மெழுகு போன்ற பொருளுக்கு, 1815இல் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் யூஜீன் ஷெவ்ரல், பித்தம், திடம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'கொலஸ்டரின்' என்று பெயர் வைத்தார். 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது. பிற்பாடு அது ஒரு வகை ஆல்கஹால் என்று தெரிந்ததும் கடைசியில் 'ஆல்' ஒட்டிக்கொண்டது. ரத்தப் பரிசோதனைத் தாளில் நாம் பயந்து பயந்து பார்க்கிற அந்தச் சொல்லுக்குப் பொருள் 'கெட்டிப் பித்தம்'. இதயத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஆஸ்பத்திரி எழுத்து வேலை பார்க்கிறேன் என்பது தெருவுக்கே தெரியும், அதனால் இந்த மாதிரித் தாள்கள் வரும்.

"ஏம்மா, கால் பிளாடர்ல கல்லுங்கிறான் அந்தப் பையன். எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லையே, வயித்துலதானே வலி?"

"அது நம்ம கால் இல்ல பெரியம்மா. இங்கிலீஷ்ல பித்தத்துக்கு அப்படிப் பேரு. பித்தப்பையில கல்லு."

"பித்தமா? அதானே பாத்தேன். அப்ப எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் குளிச்சா போதாதா?"

போதாது, டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். தாளில் எழுதியிருந்தது 'கோலிலித்தயாசிஸ்'. கோலே பித்தம், லித் கல், அயாசிஸ் என்பது ஒரு நோய்நிலையைச் சொல்லும் விகுதி. அந்தப் பையன் இதையே சொல்லியிருந்தால் பெரியம்மா பயந்து பேசாமல் இருந்திருப்பார். பாதி மொழிபெயர்த்ததால் வந்த வினை. ஆனால் அவர் கேட்ட 'கால்' இருக்கிறதே, அதுவும் கிரேக்கக் 'கோலே'யும் ஒரே பழைய வேரிலிருந்து முளைத்தவை. மஞ்சள் நிறத்துக்கான ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பம். 'கால் பிளாடர்', 'கோலே சிஸ்ட்', 'பித்தப்பை' மூன்றும் கட்டமைப்பில் ஒன்றேதான். பித்தம், அப்புறம் பை. நம்முடையதில் மகரம் கெட்டுப் பகரம் மிகுந்தது, அது நம் ஊர் வழக்கம்.

அடுத்தது 'சிஸ்ட்'. கிரேக்கத்தில் 'கிஸ்டிஸ்' என்றால் பை. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, புதியவர்கள் விழுகிற பள்ளம். 'சிஸ்ட்' தனியாக வந்தால் பெரும்பாலும் அது சிறுநீர்ப்பை. சிஸ்டைட்டிஸ் என்றால் சிறுநீர்ப்பை அழற்சி, சிஸ்டோஸ்கோப்பி என்றால் குழாய் விட்டுச் சிறுநீர்ப்பையைப் பார்ப்பது. முன்னால் 'கோலே' சேர்ந்தால்தான் பித்தப்பை. ஒலிப்பதிவின் ஆரம்பத்தில் கொஞ்சம் கரகரப்பு வந்து 'கோலி' விழுங்கப்பட்டுவிட்டால், கோலிசிஸ்டைட்டிஸ் வெறும் சிஸ்டைட்டிஸ் ஆகிவிடும். வலது விலாவுக்குக் கீழே வலி என்று வந்த நோயாளிக்குச் சிறுநீர்ப்பை அழற்சி என்று தாளில் நிற்கும். இதோடு, கர்ப்பப்பையில் நீர்க்கட்டி, சினைப்பையில் நீர்க்கட்டி என்று நாம் சொல்கிற 'சிஸ்ட்' வேறு இருக்கிறது. அதுவும் பைதான், ஆனால் இருக்கக் கூடாத இடத்தில் வந்த பை.

கடைசியாக 'எக்டமி'. 'எக்' என்றால் வெளியே, 'டோமெ' என்றால் வெட்டு. வெட்டி வெளியே எடுத்தல். இந்த வெட்டு நமக்குத் தெரிந்த பல சொற்களில் ஒளிந்திருக்கிறது. வெட்ட முடியாதது 'அ-டோம்', அணு. அனாடமி என்பது கூறு கூறாக வெட்டிப் பார்த்தல். ஒன்று சொல்ல வேண்டும்: மருத்துவர்கள் இலக்கண சுத்தம் பார்க்கிறவர்கள் இல்லை. டான்சிலும் அப்பெண்டிக்ஸும் லத்தீன். அதன் வாலில் கிரேக்க 'எக்டமி'யை ஒட்டவைத்து டான்சிலெக்டமி, அப்பெண்டெக்டமி என்றார்கள். வாசெக்டமியும் அதே கலப்புத் திருமணம். நாம் 'சுத்தமான தமிழ்க் கலைச்சொல்' என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்கள் இரண்டு மொழியைத் தைத்து வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

தமிழில் யாரும் முயலவில்லை என்று இல்லை. யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், உடற்கூறு, அறுவை மருத்துவம் பற்றிய நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் இலங்கையை விட்டுப் போனது 1873இல். அப்போது உலகில் எங்குமே மனிதருக்குக் கோலிசிஸ்டெக்டமி நடந்திருக்கவில்லை.

சொல்லின் உறுப்புகளைப் பிரித்தாயிற்று. இப்போது அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கோ-லி-சிஸ்-டெக்-ட-மி. ஆறு அசை. உறுப்புகள் பிரிகிற இடமும் அசைகள் பிரிகிற இடமும் ஒன்றில்லை என்பது இங்கேதான் தெரியும். 'சிஸ்ட்'டின் கடைசி டகரம் 'சிஸ்'ஸை விட்டுவிட்டு, பின்னால் வந்த 'எக்'கோடு போய் ஒட்டி 'டெக்' ஆகிவிட்டது. பொருளுக்கு வெட்டினால் சிஸ்ட் | எக். காதுக்கு வெட்டினால் சிஸ் | டெக். மெய்யீற்றின் மேல் உயிர் வந்து ஏறுகிற இந்த இயல்பு நமக்குப் புதிதா என்ன? 'மரம் இல்லை' என்று எழுதுகிறோம், 'மரமில்லை' என்று சொல்கிறோம். அகராதியில் தேடும்போது மட்டும் 'மில்லை' என்று தேடமாட்டோம். புதியவர்கள் அதைத்தான் செய்வார்கள். காதில் 'டெக்டமி' என்று விழுந்தது, அதனால் அகராதியில் 'டி'யில் ஆரம்பித்துத் தேடுவார்கள்.

சாரியையும் உண்டு. கிரேக்கச் சொற்கள் இரண்டு சேரும்போது நடுவில் ஓர் 'ஓ' வந்து உட்காரும். கார்டி-ஓ-கிராம், காஸ்ட்ர்-ஓ-ஸ்கோப்பி. பொருள் ஒன்றும் கிடையாது, நம் 'அத்து', 'இன்' மாதிரி, ஒலியை இழைப்பதுதான் அதன் வேலை. பின்னால் வருகிற விகுதி உயிரில் தொடங்கினால் இந்த 'ஓ' விடைபெற்றுக்கொள்ளும். அதனால்தான் சிஸ்ட்-ஓ-ஸ்கோப்பியில் இருக்கிற 'ஓ', சிஸ்ட்-எக்டமியில் இல்லை. இரண்டு பெயர்ச்சொற்களுக்கு நடுவே என்றால் உயிர் வந்தாலும் அசையாமல் இருக்கும். காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ் என்பதில் 'ஓ'வும் 'எ'யும் அடுத்தடுத்து நிற்கின்றன பாருங்கள், நடுவில் உடம்படுமெய்கூட இல்லாமல். நமக்கென்றால் ஒரு வகரத்தையாவது போட்டிருப்போம்.

(யாப்புப் பைத்தியம் பிடித்தவர்களுக்காக: ஆங்கிலக் கணக்கில் ஆறு அசை. நம் கணக்கில் நாலுதான். கோ நேர், லிசிஸ் நிரை, டெக் நேர், டமி நிரை. நாலசைச் சீர், கூவிளந்தண்ணிழல். வெண்பாவில் வராது. க், ச், த், ப் நான்குக்கும் அடுத்து அதே எழுத்துத்தான் வரும் என்பது தமிழ் மரபு, அதன்படி 'க்ட' என்ற சேர்க்கையே தப்பு. அதனால்தான் ஊர்ப்பக்கத்தில் டாக்டர் 'டாக்குட்டர்' ஆகிறார்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சொல்லை நான் எடுப்பதற்கு உண்மையான காரணம் இதற்கு இரண்டு தங்கைகள் இருப்பதுதான். கோலிசிஸ்டாட்டமி. கோலிசிஸ்டாஸ்டமி. 'டாட்டமி' என்றால் வெறும் வெட்டு. பையைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மூடுவது. 'டாஸ்டமி'யில் இருப்பது 'ஸ்டோமா', வாய். பைக்கு வெளிப்பக்கமாக ஒரு வாய் திறந்து, குழாய் வைத்து வடிய விடுவது. 'டெக்டமி'யில் பையே போய்விடுகிறது. மூன்றுக்கும் நடுவில் வித்தியாசம் ஓர் அசை. டெக், டாட், டாஸ். மற்ற ஐந்தும் எழுத்து மாறாமல் ஒன்றுதான்.

வரலாறும் இந்த மூன்று விகுதிகளின் வழியாகவே நடந்து வந்திருக்கிறது. 1867இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஜான் ஸ்டோ பாப்ஸ் ஒரு பெண்ணின் பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்துவிட்டுத் தைத்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். அது டாட். 1878இல் அமெரிக்க அறுவை மருத்துவர் மேரியன் சிம்ஸ், காமாலையோடு வந்த ஒரு பெண்ணுக்குப் பித்தப்பையைத் திறந்து வயிற்றுச் சுவரோடு இணைத்து வாய் வைத்தார். அது டாஸ். அந்த நோயாளி சில நாட்களில் இறந்துபோனார். (அடிமைப் பெண்களை மயக்க மருந்துகூட இல்லாமல் அறுத்துப் பழகிய அதே சிம்ஸ்தான். இவர் பெயரை வகுப்பில் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்வேன்.) கல்லை எடுத்தாலும் வாய் வைத்தாலும் பை உள்ளேயே இருந்தது, மறுபடியும் கல் வைத்தது. பெர்லினில் லாசரஸ் மருத்துவமனையில் இருந்த கார்ல் லாங்கன்பூக் வேறு மாதிரி யோசித்தார். பையில் கல் இருக்கிறது என்பது சிக்கல் இல்லை, பைதான் கல்லை உண்டாக்குகிறது, அதனால் பையையே எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. பை இல்லாமல் உயிர்கள் வாழ்வது ஒன்றும் அதிசயமில்லை. குதிரைக்கும் யானைக்கும் பித்தப்பையே கிடையாது. பிணங்களில் செய்து பழகிவிட்டு, 1882 ஜூலை 15 அன்று 43 வயது ஆண் ஒருவருக்கு அதைச் செய்தார். டெக். நூறு வருஷம் கழித்து, 1985 செப்டம்பரில், ஜெர்மனியிலேயே போப்ளிங்கன் என்ற ஊரில் எரிக் மூயே வயிற்றைப் பிளக்காமல் சிறு துளை வழியாக அதே டெக்டமியைச் செய்தார். சக மருத்துவர்கள் முதலில் அவரை மதிக்கவில்லை. சில வருஷங்களில் உலகமே அவர் வழிக்கு வந்துவிட்டது.

லாங்கன்பூக்குக்குப் பிறகு மற்ற இரண்டும் செத்துப்போய்விட்டன என்று நினைத்தால் தப்பு. வயதானவர், இதயம் பலவீனம், மயக்க மருந்து தாங்கமாட்டார் என்கிற நிலையில் பித்தப்பை சீழ் பிடித்தால், இன்றும் தோல் வழியாக ஊசி விட்டுக் குழாய் வைத்து வடிக்கிறார்கள். அது டாஸ்டமி. அவருக்குப் பை உள்ளேயேதான் இருக்கிறது. இந்த அறிக்கையில் நாங்கள் டெக் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஆறு மாதம் கழித்து அதே வலியோடு வேறோர் ஊரில் வேறொரு டாக்டர் முன்னால் அவர் போய் நிற்பார். டாக்டர் பழைய தாளைப் பார்ப்பார். பித்தப்பை எடுத்தாயிற்று என்று இருக்கும். சரி, இது வேறு எதுவோ என்று குடல் பக்கம் தேடப் போய்விடுவார். எங்கள் தரச் சோதனையில் எழுத்துப் பிழைக்கு அரை மதிப்பெண் குறையும். இதற்கு முழு அறிக்கையும் போகும். போகட்டும், அதுதான் நியாயம்.

இங்கேதான் உச்சரிப்பு வருகிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஏதாவது ஓர் அசை மேலே எழும்பும், மற்றவை தணிந்து போகும். 'டமி', 'லஜி', 'கிரஃபி' என்று முடிகிற கிரேக்கச் சொற்களில் அந்த அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் விழும். கார்டி-ஆ-லஜி. ரேடி-ஆ-லஜி. நம் சொல்லில் எண்ணிப் பாருங்கள். மி, ட, டெக். மூன்றாவது டெக். அதன் தங்கைகளில் டாட், டாஸ். எந்த ஓர் அசை மாறினால் நோயாளியின் வயிற்றுக்குள் இருப்பது மாறுமோ, சரியாக அந்த அசையின் தலையில்தான் ஆங்கிலம் அழுத்துகிறது. யாரும் திட்டம் போட்டு வைத்ததில்லை. 'எக்', 'ஆட்', 'ஆஸ்' எல்லாம் விகுதியின் தொடக்கத்தில் இருக்கின்றன, விகுதி ஒவ்வொன்றும் மூன்று அசை, அழுத்த விதியும் மூன்றாவது அசைக்கு. தானாக அமைந்துவிட்டது. டிக்டேட்டர் எவ்வளவு வேகமாகப் பேசினாலும், 'கோலிசிஸ்' எல்லாம் ஒரே முணுமுணுப்பாகக் கரைந்துபோனாலும், அந்த ஓர் அசை மட்டும் மேலே வந்தே தீரும். அதைப் பிடித்தால் போதும்.

தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறுகிற சொல் கிடையாது. குறிலா நெடிலா, ஒற்றா இரட்டையா என்பதைத்தான் நம் காது பார்க்கும். 'படம்', 'பாடம்', 'பட்டம்'. அதனால் நாம் ஆங்கிலம் பேசும்போது எல்லா அசையையும் ஒரே உயரத்தில், ரயில் பெட்டி போல, வரிசையாக விட்டுக்கொண்டு போவோம். கேட்கும்போதும் அப்படியே எல்லா அசையையும் சமமாகக் கேட்க முயல்வோம். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடிக்கப் போய், 'கோலிசிஸ்'ஸிலேயே மூச்சு வாங்கி, டெக் வரும்போது கவனம் தப்பிவிடும். அதனால் நான் வகுப்பில் சொல்வது இது: முன்பாதியைக் காதால் கேட்காதே, ஊகித்துக்கொள். வலது மேல் வயிறு, கல், ஸ்கேன் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருப்பார், வருவது பித்தப்பைதான் என்பது தெரிந்துவிடும். காதை டெக்குக்கு வைத்துக்கொள். பெடலைப் பின்னால் மிதித்தாலும் அந்த ஓர் அசைக்காக மிதி.

இந்திய வம்சாவளி டாக்டர்கள் டிக்டேட் செய்யும்போது கதை தலைகீழ். அவர்களும் நம்மைப் போலவே சமமாகப் பேசுகிறவர்கள். ஆறு அசையும் தெளிவாகக் கேட்கும், எதுவும் கரைவதில்லை. அமெரிக்க எடிட்டர்கள் தடுமாறுகிற அந்தப் பதிவுகளை எங்கள் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே முடித்துவிடுவார்கள். ஆனால் மென்பொருள் தடுமாறும். அழுத்தம் எங்கே என்று தேடிப் பழகிய அதற்கு, எல்லாம் ஒரே மட்டமாக வந்தால் டாஸ் எது டாட் எது என்று பிடிபடுவதில்லை என்று நினைக்கிறேன். அப்போது அதிகம் புழங்குகிற சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடும். அதாவது டெக். பத்தில் ஒன்பது முறை அது சரியாகவும் இருந்துவிடுவதுதான் ஆபத்து. கண் பழகிப்போய்விடுகிறது.

சில அறுவை மருத்துவர்களுக்கு ஆறு அசை சொல்லவே பொறுமை இருக்காது. 'லேப் கோலி' என்பார்கள். லேப்பரோஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமியின் சுருக்கம். 'ஸ்டேட்டஸ் போஸ்ட் லேப் கோலி' என்று வந்தால் துளை வழியாகப் பித்தப்பை எடுக்கப்பட்டவர் என்று அர்த்தம். முதல் முறை கேட்கும் நம் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடமும் கோலிக்குண்டும்தான் நினைவுக்கு வரும். கல்லுக்கு வைத்தியம் கோலி என்று ஒரு பையன் சொல்லி வகுப்பே சிரித்தது. அறிக்கையில் இதை விரித்து முழுசாக எழுத வேண்டும். சுருக்கத்தில் டெக்கும் இல்லை, டாஸும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'கோலி' என்றாலே டெக் என்பது அவர்களுக்குள் ஓர் எழுதாத ஒப்பந்தம்.

அறிக்கை எங்களைத் தாண்டி, சிகிச்சையைக் குறியீடாக மாற்றுகிற மெடிக்கல் கோடிங் ஆட்களிடம் போகும்போது கிரேக்கம் முழுசாகக் கழன்றுவிடும். அமெரிக்க உள்நோயாளிக் குறியீட்டில் இந்தச் சிகிச்சைக்கு ஏழு இடம்: 0, எஃப், டி, 4, 4, இசட், இசட். எஃப் என்றால் கல்லீரல், பித்த மண்டலம். அடுத்து வரும் டி என்பது 'முழு உறுப்பையும் நீக்குதல்'. முதல் 4 பித்தப்பை, இரண்டாவது 4 துளை வழி உட்காட்டிக் கருவி. கல்லை மட்டும் எடுத்தால் மூன்றாம் இடத்தில் 'சி' வரும். வடிகுழாய் வைத்தால் அங்கே 9. கிரேக்கம் விகுதியில் வைத்திருந்ததை இவர்கள் மூன்றாம் இடத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த ஓர் இடம் தப்பினால் காப்பீட்டுக்காரர் பணம் தரமாட்டார். கோடிங் படிக்கிற என் தோழி ஒருத்தி, "உங்க ஊர்ல மூணு விகுதி, எங்க ஊர்ல மூணாவது கட்டம், ரெண்டுலயும் தலைவலி ஒண்ணுதான்" என்பாள்.

இந்தச் சொல்லோடு ஒரு வாரம் ஓடிவிடும். அடுத்த சொல் கோலெடாக்கோலித்தயாசிஸ். பத்தொன்பது எழுத்து, எட்டு அசை. கோலே, டாக், லித், அயாசிஸ். 'டாக்' என்றால் ஏற்றுக்கொள்வது, பித்தத்தை ஏற்றுக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுக் குழாய்க்குப் பெயர் அதிலிருந்து வந்தது. அந்தக் குழாயில் கல். இது பையில் இருக்கிற கல்லைவிடப் பொல்லாதது, அடைத்தால் காமாலை வரும். அழுத்தம் 'தை'யில். இதையும் கோலிலித்தயாசிஸையும் பக்கத்தில் பக்கத்தில் ஒலிக்கவிட்டு எது எது என்று கேட்பேன். இங்கே அழுத்தம் உதவிக்கு வராது, இரண்டிலும் அது ஒரே இடத்தில்தான் விழுகிறது. வித்தியாசம் முன்பாதியில், அந்தக் கரைந்துபோகிற பகுதியில் இருக்கிறது. போன வாரம் ஊகித்துக்கொள் என்று நான் சொன்ன பாதி.